தேக்கு மழுக்கிய பிளேடுகள்: மறுகூர் ஏற்றிய பட்டறைப் பதிவு

மியான்மரின் மோல்மேனில் ஒரு மரச்சாமான் பட்டறை. மழைக்காலத்தில் வேலை மந்தமான வாரங்களில் சாணைக்கு எடுத்து வைத்தவை இவை: 12 அங்குலத் திக்னசரின் (பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் மிஷின்) ஒரு ஜோடி ஸ்டீல் கத்தி, 82 மி.மீ. கை பிளேனரின் ஒரு ஜோடி கத்தி, 185 மி.மீ. வட்டரம்ப பிளேடு நான்கு, மர விளிம்புக்கு வடிவம் வெட்டும் ரூட்டர் பிட் ஒரு டப்பா. கத்தி ஜோடி இரண்டும் புதியவற்றுக்கு ஈடாக வெட்டுகின்றன. வட்டரம்பத்தில் மூன்று தேறின, ஒன்று தேறவில்லை. ரூட்டர் பிட்டில் பாதிக்குத்தான் உயிர் வந்தது. தேறாமல் போனவற்றில் கல்லின் மேலும் குறையில்லை, கையின் மேலும் குறையில்லை. தேய்மானம் பல்லின் எந்தப் பக்கத்தில் விழுந்திருந்தது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானித்தது. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒன்றையே சுற்றி வரும்.

முதலில் மரம். இங்கே பட்டறைக்கு வருவது பெரும்பாலும் தேக்கு, ப்யின்கடோ, பிடௌக். ப்யின்கடோவைத் தமிழ்நாட்டில் இருள் மரம் என்பார்கள். பிடௌக், வேங்கைக்குச் சொந்தக்கார மரம். தேக்கு மெத்தென்று அறுபடும், ஆனால் அதற்குள் 1.4 சதவீதம் வரை சிலிக்கா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மணல் அது. பிளேடின் வாயை உடைக்காது, அரைத்து உருட்டிவிடும். ப்யின்கடோவின் கதை வேறு. காய்ந்த பிறகும் கன அடிக்கு 60 பவுண்டை ஒட்டிய கனம், பின்னிய நார். அது வாயைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். பழைய வீடுகளைப் பிரித்து எடுத்த தேக்கில் இரண்டு தொல்லையும் உண்டு, போதாததற்கு உள்ளே புதைந்த ஆணி வேறு. காந்தம் வைத்துத் தடவாமல் பழைய மரத்தைப் பிளேனருக்குள் விடுவது கத்தியைக் காசாக எண்ணிக் கொடுப்பதுதான்.

கழுவிப் பார்த்தல்

மழுங்கியது என்று ஒதுக்கிய நான்கு வட்டரம்பங்களில் ஒன்று மழுங்கவே இல்லை, அழுக்கேறியிருந்தது. தேக்கின் எண்ணெயும் பிசினும் சூட்டில் காய்ந்து, பல்லின் பக்கவாட்டில் கறுப்பு வார்னிஷ் போலப் படியும். அது மரத்தோடு உரசி மேலும் சூடேறும், அறுத்த முகம் கருகும், மோட்டார் முனகும். பார்ப்பவர்கள் கூர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பிளேடு படுக்கிற அகலத் தட்டில் 15 நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு விடாவிட்டால் மண்ணெண்ணெய் தொட்ட துணி. அடுப்பு கழுவும் காஸ்டிக் திரவம் வேண்டாம். ரம்பப் பல்லாக ஒட்டியிருப்பது ஸ்டீலைவிடக் கடினமான கார்பைடு; அதன் மணிகளைப் பிடித்து வைத்திருப்பது கோபால்ட், கடும் ரசாயனத்தை அதன் மேல் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. இரவு முழுக்க ஊறப்போடவும் கூடாது. கழுவியதும் துடைத்து, வெயில் இல்லாவிட்டால் ஃபேன் காற்றிலாவது உலர்த்திவிட வேண்டும். ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. ஈரத்தோடு வைத்த இரும்பில் காலையில் செம்பழுப்புத் திட்டு தெரியும்.

கழுவிய பிறகுதான் லென்ஸ். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 30 மடங்கு லென்ஸ் போதும். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. மழுங்கிய வாயில் மெல்லிய வெள்ளிக் கோடு மின்னும். அந்தக் கோட்டின் அகலத்தைப் பார்க்க வேண்டும். 0.1 மி.மீ. என்றால் சுலபம். 0.3 மி.மீ.யைத் தாண்டினால், எந்தப் பக்கத்தைத் தேய்ப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

வட்டரம்பத்தில் இன்னும் மூன்று சோதனை. பிளேடைத் தடித்த கண்ணாடி மேல் படுக்க வைத்து, தட்டுக்கும் (பற்கள் ஒட்டியிருக்கும் வட்டத் தகடு) கண்ணாடிக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சுற்றிவர ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) அளப்பது. பல் தட்டைவிடத் தடிப்பாக இருப்பதால் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், 0.1 மி.மீ.க்கு மேல் மாறினால் பிளேடு நெளிந்திருக்கிறது. அடுத்து, பல்லுக்குப் பல் நடுவே உள்ள பள்ளங்களின் அடியில் முடிக்கோடு போல விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அந்தப் பிளேடின் ஆயுள் அத்தோடு சரி, சாணை பிடித்து அதைச் சுற்றவிடக் கூடாது. மூன்றாவது, பல்லின் கனம். முகத்திலிருந்து முதுகு வரை 1 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை. மலிவு பிளேடுகளில் புதிதாக இருக்கும்போதே கனம் குறைவு. தேறாமல் போன நாலாவது பிளேடு அந்த ரகம்.

ஸ்டீல் கத்திகள்

ஸ்டீலிலும் எது என்ன என்று தெரிய வேண்டும். கத்தியின் பின்முனையைச் சாணைக்கல்லில் தொட்டுப் பொறியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மங்கலான செம்பொறி, குட்டையாக, அதிகம் வெடிக்காமல் வந்தால் ஹைஸ்பீட் ஸ்டீல். பளிச்சென்று வெள்ளையாகப் பூப்பூவாக வெடித்தால் கார்பன் ஸ்டீல், உள்ளூர்க் கொல்லுப்பட்டறையில் அடித்த கத்தி. இரண்டாவதை அரைக்கும்போது நீல நிறம் வந்தால் அந்த இடம் பதம் இழந்துவிட்டது, நீலம் போகும் வரை மறுபடி அரைக்க வேண்டும். ஹைஸ்பீட் ஸ்டீல் 500 பாகை செல்சியஸுக்கு மேலும் பதம் தாங்கும், லேசான நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் சூடேறிய கத்தியைத் தண்ணீரில் முக்குவது கூடாது. வாயில் நுண்விரிசல் விழும், கூர் ஏற்றிய இரண்டாம் நாளே சில்லு பெயரும். ஒன்று முதலிலிருந்தே அடிக்கடி நனைத்துக் குளிர்ச்சியாக வைத்திருப்பது, இல்லையென்றால் காற்றில் ஆறவிடுவது. நடுவழி கிடையாது.

திக்னசர் கத்தியில் வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று. துளையில் பின் மாட்டி உட்காரும் மெல்லிய இரட்டை வாய்க் கத்தி என்றால் அதன் உயரத்தை மாற்ற வழியில்லை. அரைத்து அகலம் குறைந்தால், கத்திகளை மாட்டிச் சுழலும் தலை உருளைக்கு வெளியே நீட்டும் அளவும் குறைந்துபோகும். அதற்கு ஓரிரு முறை கல்லில் லேசாகத் தீட்டலாம், அவ்வளவுதான். இங்கே சாணைக்கு வந்தது 3 மி.மீ. கனமுள்ள, ஸ்பிரிங் மேல் உட்காரும், ஒற்றை வாய்க் கத்தி. அகலம் குறைந்தாலும் மேலே தூக்கி அமைத்துக்கொள்ளலாம். கத்தியை இறுக்கும் ஆப்புப் பட்டை முழு உயரத்துக்கும் பிடிக்கிற வரைதான் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஒரு கத்தியின் வாயில் ஆணி பட்ட பள்ளம், ஆழம் அரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அதற்காக இரண்டு கத்தியிலும் அரை மி.மீ. அரைத்துத் தள்ளுவது வீண். ஒரு கத்தியைப் பக்கவாட்டில் 1.5 மி.மீ. நகர்த்தி மாட்டினால், ஒன்றின் பள்ளம் விட்ட கோட்டை மற்றது வெட்டிவிடும். பெரும்பாலான தலை உருளைகளில் அந்த அளவு இடம் இருக்கும். பள்ளம் அடுத்தடுத்த சாணைகளில் தானாகவே மறையும்.

பிடிக்கும் கட்டையைப் பட்டறையிலேயே செய்தாயிற்று. 350 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 50 மி.மீ. கனம், நன்றாகக் காய்ந்த ப்யின்கடோ. பச்சை மரமானால் மழையில் முறுக்கிக்கொண்டு கத்தியையும் சேர்த்து வளைக்கும். கட்டையை நீளவாக்கில், அடிப்பக்கத்துக்கு 40 பாகைச் சாய்வில், மூன்று துண்டாக அறுக்க வேண்டும். இரண்டு இடைவெளியிலும் ஒவ்வொரு கத்தி. கத்தி கீழ்ப்பாதியில்தான் இருக்கும் என்பதால், மேல்பாதியில் அதே கனத்துக்கு ஒரு பட்டை வைத்தால்தான் துண்டுகள் சாயாமல் இறுகும். குறுக்கே நான்கு 8 மி.மீ. போல்ட்.

மாட்டும் வரிசை முக்கியம். 10 மி.மீ. கண்ணாடி, அதன் மேல் 3 மி.மீ. பிளைவுட் பட்டை இரண்டு, அவற்றின் மேல் கட்டை. போல்ட்டைத் தளர்த்திக் கத்திகளைக் கண்ணாடியைத் தொடும் வரை இறக்கி, பிறகு இறுக்க வேண்டும். பட்டைகளை உருவிவிட்டால் கட்டை இரண்டு கத்தியின் சரிவிலும் நிற்கும். இரண்டு வாயும் ஒரே தளம், ஒரே கோணம். இந்தக் கட்டை இல்லாமல் தனித்தனியாகத் தீட்டிய கத்திகளில் ஒன்றுதான் வெட்டும், மற்றது சும்மா சுற்றும். கை பிளேனருக்கு இந்தச் சிரமம் இல்லை. மறுசாணைக்கென்று வரும் கத்திகளுக்கு மகிதாவும் வேறு சிலரும் ஒரு சின்னப் பிடிப்பான் தருகிறார்கள், இரண்டு கத்தியையும் ஒன்றாகப் பிடிக்கும். கல்லை இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு இரண்டு வாயும் சேர்ந்து படும்படி தேய்த்தால் முடிந்தது. பல பட்டறைகளில் அந்தப் பிடிப்பான் பெட்டியோடு தூக்கியெறியப்படுகிறது.

தேய்ப்பதற்கு முன் சரிவு முழுக்க மார்க்கர் மசி. நான்கு இழுப்பு இழுத்துப் பார்த்தால் மசி எங்கே போயிருக்கிறது என்று தெரியும். வாயோரம் மட்டும் போனால் கோணம் அதிகம், குதிகால் பக்கம், அதாவது சரிவின் பின்னோரம், மட்டும் போனால் குறைவு. சரியாக வந்த பிறகு 120 நம்பர் வாட்டர் பேப்பரைக் கண்ணாடியில் ஈரத்தோடு ஒட்டி, நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும், மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு எழும் வரை. இதுதான் அலுப்பான கட்டம், இங்கே அவசரப்பட்டால் அடுத்த நம்பர்கள் எல்லாம் வீண். பிசிறு பாதி நீளத்துக்கு மட்டும் வந்த நிலையில் 400-க்குத் தாவிய கத்தி பளபளக்கும், வெட்டாது. 120-ல் பேப்பர் சீக்கிரம் செத்துவிடும், பழைய பேப்பரில் அழுத்தித் தேய்ப்பதைவிடப் புதிது மாற்றுவது லாபம். பிறகு 220, 400, 800, 1200. கடைசி மூன்றிலும் சில நிமிடங்களுக்கு மேல் தேவையில்லை. முடிவில் கத்தியைக் கழற்றி, தட்டை முகத்தை 1000 நம்பர் கல்லில் படுக்க வைத்துப் பிசிறை எடுக்க வேண்டும். முகத்தைத் தூக்கிப் பிடித்துத் தீட்டக் கூடாது.

அந்தக் கடைசி விதிக்கு ஒரு விலக்கு. ப்யின்கடோவிலும் பிடௌக்கிலும் நார் மாறி மாறிப் பின்னியிருக்கும், எந்தத் திசையில் விட்டாலும் பாதி இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அந்த மரத்துக்கென்று ஒதுக்கிய கத்தியில், முகப்புறத்தில் வேண்டுமென்றே 5 முதல் 10 பாகை வரை ஒரு குட்டிச் சரிவு வைக்கலாம், அரை மி.மீ. அகலம் போதும். பிய்வது கண்ணுக்குத் தெரியக் குறையும். மோட்டார் கூடுதலாக உழைக்கும், ஒரு தடவைக்கு எடுக்கும் கனத்தைப் பாதியாக்க வேண்டும். தேக்குக்கு இது தேவையில்லை.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஏற்ற வேலை இந்தக் கண்ணாடிப் பலகை வேலை. பெஞ்ச் கிரைண்டரைச் சின்ன ஜெனரேட்டரில் ஓட்டலாம், ஆனால் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. விளக்கும் ஃபேனும் அதே ஜெனரேட்டரில் இருந்தால் எல்லாம் கண் சிமிட்டும். கரண்ட் வரும் மணிகளில் கல்லும் சக்கரமும், வராத மணிகளில் கண்ணாடியும் பேப்பரும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டதில் ஒன்றும் நிற்கவில்லை.

எடையும் அமைப்பும்

சாணை முடிந்ததும் இரண்டு கத்தியையும் 0.1 கிராம் காட்டும் தராசில் வைக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஓடும் தலையில், 24 மி.மீ. ஆரத்தில், ஒரே ஒரு கிராம் வித்தியாசம் ஏறத்தாழ 1.7 கிலோ எடை ஒரு பக்கம் இழுப்பதற்குச் சமம். 16,000 சுற்றுக் கை பிளேனரில் 22 மி.மீ. ஆரத்தில் கணக்குப் போட்டால் 6 கிலோவைத் தாண்டும். கையில் அதிர்வு தெரிவதற்கு முன்பே பேரிங் அதைச் சாப்பிட ஆரம்பித்துவிடும். கனமான கத்தியின் பின்விளிம்பில், வாய்க்கு எதிர்ப்பக்கம், நீளம் முழுக்கச் சமமாக அரைத்து ஈடு செய்யலாம். ஒரு முனையில் மட்டும் அரைத்தால் எடை சரியாகும், சமநிலை கெடும். அகலத்தையும் இரு முனையிலும் வெர்னியரால் அளந்து 0.05 மி.மீ.க்குள் வைத்தால் நல்லது.

திருப்பி மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொள்ளுங்கள், சுவிட்சை நம்பவே வேண்டாம். கத்தி உட்காரும் பள்ளத்தில் ஒரு மரத்தூள் இருந்தாலும் வாய் அந்த இடத்தில் எழும்பிவிடும், எனவே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்த பிறகே வைக்க வேண்டும். கை பிளேனரில் வாய், பின் அடித்தட்டுக்குச் சரிமட்டம். ஒரு நேரான மரச்சட்டத்தைப் பின் தட்டில் வைத்துத் தலையைக் கையால் பின்புறமாகச் சுற்றினால், வாய் சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும், இரு முனையிலும் ஒரே மாதிரி. சட்டத்தைத் தூக்கினால் கத்தி அதிகம் வெளியே வந்திருக்கிறது, இழைப்பின் கடைசி இரண்டு அங்குலத்தில் குழி விழும். போல்ட்டை நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி ஒரு முறை இறுக்கம் பார்த்தாக வேண்டும்.

கார்பைடுப் பற்கள்

வட்டரம்பத்தின் பல் கார்பைடு. சாதாரண சாம்பல் நிறச் சாணைக்கல் அதைத் தொட்டால் கல்தான் தேயும். வைரம் வேண்டும், அல்லது பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல். இங்கே பயன்பட்டவை இரண்டு. ஒன்று, 400, 800 நம்பர் மெல்லிய வைரத் தகடுகள், கையால் தீட்ட. மற்றது, சீனத்திலிருந்து வரும் சின்ன ரம்பச் சாணை மிஷின். 125 மி.மீ. வைரத் தட்டுச் சக்கரம், 2,850 சுற்று, பிளேடைச் சாய்த்துப் பிடிக்கும் கை, ஒவ்வொரு பல்லையும் ஒரே இடத்தில் நிறுத்தும் நிறுத்தி. வைரச் சக்கரத்தில் ஸ்டீலை அரைக்கக் கூடாது. இரும்பு சூட்டில் வைரத்தின் கரியை இழுத்துக்கொள்ளும், சக்கரம் வழவழத்து மழுங்கும். பல்லின் முன்னால் இருக்கும் ஸ்டீல் பள்ளத்தைச் சக்கரம் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் கையின் வேலை.

எல்லோரும் சொல்லும் வழி, பல்லின் முகத்தை மட்டும் தேய்ப்பது. முகம் என்பது பள்ளத்தைப் பார்த்திருக்கும் பக்கம். சுலபமானது, கோணம் மாறாது, பெரும்பாலான பிளேடுகளில் முகம் நேராகவே இருப்பதால் இடம் வலம் மாற்ற வேண்டியதில்லை. தச்சர் வீட்டில் பைன் மரம் மட்டும் அறுத்த பிளேடுக்கு அது போதும். தேக்கு அறுத்த பிளேடுக்குப் போதாது.

காரணம் லென்ஸில் தெரியும். வெட்டுப்பட்ட நார் கொஞ்சம் நிமிர்ந்து பல்லின் மேல்தலையில், அதாவது வாயிலிருந்து பின்னோக்கிச் சரியும் வெளிப்பக்கத்தில், உரசும். சிலிக்காவோடு உரசும்போது முகத்தைவிட மேல்தலைதான் அதிகம் தேய்கிறது. நான்கு பிளேடில் தேய்ந்த மூன்றில், மேல்தலையின் வெள்ளிக் கோடு 0.3 மி.மீ.யோ அதற்குச் சற்று மேலோ இருந்தது, முகத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. இதை முகத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்ய வேண்டுமென்றால், கோடு முழுக்கப் போகும் வரை முகத்தில் 0.3 மி.மீ. எடுக்க வேண்டும். 2 மி.மீ. கனமுள்ள பல்லுக்கு அது பெரிய வெட்டு. அதே கோட்டை மேல்தலையில் தேய்த்து எடுத்தால், 15 பாகைச் சரிவுக்கு, 0.08 மி.மீ. எடுத்தால் போதும். நான்கில் ஒரு பங்கு. எனவே தேக்குப் பிளேடுக்கு முறை தலைகீழ்: மேல்தலையில் 0.06 முதல் 0.08 வரை, முகத்தில் ஒரு துடைப்பு, 0.05.

மிஷினில் செய்த வரிசை இது. முதல் பல்லுக்கு மார்க்கர் புள்ளி. அடுத்தடுத்த பல் மாறி மாறி இடமும் வலமும் சாய்ந்திருக்கும். சாய்வு பிளேடின் மேலேயே அச்சடித்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மசி தடவி, சக்கரம் முழு அகலத்துக்கும் தொடும் வரை சாய்வைத் திருத்திக்கொள்ள வேண்டும். இங்கே 15 பாகை வந்தது. ஒற்றைப்படைப் பற்கள் அனைத்தையும் முதலில். ஒரு தொடுதலுக்கு 0.02 முதல் 0.03 மி.மீ., மூன்று தொடுதல். பிறகு சாய்வை மறுபக்கம் மாற்றி இரட்டைப்படைப் பற்கள், அதே மூன்று தொடுதல், அதே திருகு அளவு. கடைசிச் சுற்றில் அளவைக் கூட்டாமல் எல்லாப் பல்லையும் ஒரு முறை தொட்டுவிட்டுப் போனால் உயரம் ஒன்றாகும். ஒரு பக்கப் பல் மட்டும் உயர்ந்துவிட்டால் பிளேடு ஒரு பக்கமாக இழுக்கும், கோடு வளையும்.

பிறகு முகம், கையால். 400 நம்பர் தகட்டை முகத்தோடு ஒட்டவைத்து, பல்லுக்கு நான்கு இழுப்பு, 800-ல் இரண்டு. எண்ணிக்கைதான் அளவுகோல். ஒரு பல் நன்றாக மின்னவில்லை என்று அதற்கு மட்டும் கூடுதலாக இழுக்கக் கூடாது. தகடு மேலே சாய்ந்தால் பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு குறைந்து, பிளேடைத் தள்ளி அறுக்க வேண்டிவரும். 180, 240 நம்பர் முரட்டு வைரம் மூலையைச் சில்லுப் பெயர்க்கும், ப்யின்கடோவில் அந்தச் சில்லிலிருந்துதான் அடுத்த மழுங்கல் தொடங்கும்.

பற்களின் பக்கவாட்டைத் தொடவே கூடாது. அந்தப் பக்கங்கள் பின்னோக்கியும் உள்நோக்கியும் ஒடுங்கியிருக்கும், அதனால்தான் தட்டு மரத்தில் சிக்காமல் ஓடுகிறது. ஒவ்வொரு சாணையிலும் வெட்டின் அகலம் மயிரளவு குறையத்தான் செய்யும். குறைந்து குறைந்து தட்டின் கனத்தை நெருங்கும்போது பிளேடு சூடேறி நெளியும். அதுதான் ஓய்வு கொடுக்கும் நேரம்.

கார்பைடு தூளில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் அடித்துக்கொண்டே அரைத்து, தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாயிற்று. வாயால் ஊதுவது, கம்ப்ரசர் காற்று அடிப்பது இரண்டும் வேண்டாம். நல்ல முகக்கவசம் கட்டாயம்.

தேறாத பிளேடு

40 பல் மலிவுப் பிளேடு. தேய்மானக் கோடு 0.4 மி.மீ., பல்லின் கனம் 1.1 மி.மீ. மேல்தலையில் 0.1 எடுத்தாயிற்று, முகத்தில் கொஞ்சம். லென்ஸில் வாய் சுத்தமாகத்தான் இருந்தது. 25 மி.மீ. பிடௌக்கில் முதல் அறுப்பு சரி, மூன்றாவதில் புகை வந்தது. அளந்து பார்த்தால், வெட்டின் அகலத்துக்கும் தட்டின் கனத்துக்கும் இடையே பக்கத்துக்கு 0.2 மி.மீ. கூட இல்லை. புதிதாக இருந்தபோதே ஒடுக்கமாகச் செய்த பிளேடு. சாணைக்கு முன்பே வெர்னியர் வைத்திருந்தால் அந்த 40 பல்லின் வேலை மிச்சம். தட்டு வீணாகவில்லை, நல்ல ஸ்டீல். வெட்டு டிஸ்க்கில் தண்ணீர் விட்டுக்கொண்டே சதுரமாக அறுத்து, விளிம்பை அரத்தால் நேராக்கி, சுரண்டித் தகடுகள் ஆக்கிக்கொள்ளலாம்.

மற்ற மூன்றில் கழுவியதோடு நின்ற ஒன்றையும் சேர்த்து, எல்லாம் 25 மி.மீ. ப்யின்கடோவில் கருகாமல் அறுக்கின்றன. சோதிக்க ஒரு எளிய வழி: அறுத்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பது. சம தூரத்தில் மெல்லிய வளைகோடுகள் வந்தால் நல்லது. பல கோடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் ஆழமாகத் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு பல் உயர்ந்திருக்கிறது. கிளாம்ப் மீட்டர் இருப்பவர்கள் சாணைக்கு முன்னும் பின்னும் ஒரே கட்டையை ஒரே வேகத்தில் அறுத்து ஆம்பியரைக் குறித்துக்கொள்ளலாம். ஜெனரேட்டரில் ஓட்டும் பட்டறைக்கு அது நேரே டீசல் கணக்கு.

ரூட்டர் பிட்

இதில் மேல்தலையைத் தொடவே முடியாது. வெளிவட்டத்தைத் தேய்த்தால் விட்டமும் வடிவமும் கெட்டுவிடும். பேரிங்கைக் கழற்றி, கழுவி, தட்டை முகத்தை 600 நம்பர் வைரத் தகட்டில் படுக்க வைத்து, இரண்டு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுத்து, 1200-ல் முடிக்க வேண்டும். முகத்தில் மழுங்கியவை எழுந்தன. தேக்கின் விளிம்பு உருட்டியே தேய்ந்தவற்றுக்கு வெளிப்பக்கக் கோடு போகவே இல்லை, அவை குப்பைக்கு. ஜிக்சா பிளேடுக்கு இந்த வேலை எதுவும் கட்டுப்படியாகாது.

செலவு

கியாட் கணக்கில் எழுதினால் இதைப் படிப்பதற்குள் மாறியிருக்கும், அதனால் ஒப்பிட்டுச் சொல்வதே நியாயம். ஒரு நல்ல 40 பல் பிளேடின் விலைக்கு ஒரு ஜோடி வைரத் தகடும் ஒரு வைரச் சக்கரமும் வாங்கி, மிச்சமும் வரும். கண்ணாடி, கண்ணாடிக் கடையின் உடைசல் துண்டு, விளிம்பைத் தேய்த்துக்கொண்டால் சரி. வாட்டர் பேப்பர் ஒரு ஜோடி கத்திக்கு ஏழெட்டுத் தாள். சாணை மிஷின் மட்டும் நாலைந்து நல்ல பிளேடின் விலை. மாதம் இரண்டு பிளேடு மழுங்குகிற பட்டறைக்கு அது ஓர் ஆண்டுக்குள் ஈடாகும், வீட்டுக்கு மட்டும் வேலை செய்பவருக்கு ஆகாது. அவர்கள் மேல்தலையை ரங்கூனில் மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து, முகத்தை மட்டும் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். மலிவுப் பிளேடுக்கு யாரும் காசு கொடுத்துச் சாணை பிடிக்க வேண்டாம்.

அடுத்த சுற்றுக்கு மாற்றப்போவது: கோடு 0.15 மி.மீ. ஆனதுமே பிளேடைக் கழற்றுவது. 0.3 வரை விட்டால் எடுக்க வேண்டிய கார்பைடு இரட்டிப்பாகிறது, இடையில் மரமும் கருகுகிறது. தேக்குக்கு ஒரு ஜோடி, ப்யின்கடோவுக்கு முகச்சரிவு வைத்த இன்னொரு ஜோடி என்று திக்னசர் கத்தியைப் பிரித்து, கட்டையில் எழுதித் தொங்கவிடுவது. ஒவ்வொரு வட்டரம்பத்தின் தட்டிலும் வாங்கிய அன்றே பல்லின் கனம், வெட்டின் அகலம், தட்டின் கனம் மூன்றையும் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுவது. கூர் ஏற்றியவற்றுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், சில மாதத்தில் பிசுபிசுத்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் தடவி, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், ஒன்றோடொன்று உரசாமல் அட்டை வைத்து அடுக்கினால் அக்டோபர் வரை துரு எட்டிப் பார்க்காது.